உள்ளிருந்து திறக்கும் கதவு

எந்த விடுதிக்கு வேலைக்குப் போனாலும் நேராகப் பின்கட்டுக்குத்தான் போவேன். தாழ்வாரத்தின் கடைசியில் பச்சைப் பலகை இருக்கும். அதில் ஓடுகிற மனிதன் படம். கீழே கதவு, கதவில் கொண்டி, கொண்டி மாட்டிய நாதாங்கியில் பல இடங்களில் எங்கள் ஊர்ப் பூட்டு.

எங்கள் ஊர் திண்டுக்கல். பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைத் தெருக்களில் இனிப்பு கொடுத்தார்கள். மாமா பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி ராவியபடி வளர்ந்தவன் நான். கடைக்கும் பீரோவுக்கும் கோயில் உண்டியலுக்கும் நல்ல பூட்டு வேண்டும். அதைச் செய்கிற கைகளை நான் கும்பிடுகிறேன். ஆட்கள் உறங்குகிற கட்டடத்தில், தீப்பிடித்தால் தப்பிக்க என்று வைத்த கதவில் அதே பூட்டைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. சாவி எங்கே என்று கேட்டால் மேனேஜர் கல்லாவைக் காட்டுவார். மேனேஜர் இரவு வீட்டுக்குப் போய்விடுவார்.

கதவு, பூட்டு வேலைக்காகக் கொடைக்கானல் மலையேறி, இங்கேயே தலை நரைத்துவிட்டது. பூட்டுப் போட்டவரைத் திட்டி ஒரு பூட்டும் கழன்றதில்லை என்பதை இந்த வேலையில் கற்றுக்கொண்டேன். அவர் எதற்கோ பயந்துதான் பூட்டியிருக்கிறார். அந்தப் பயம் பெரும்பாலும் நியாயமானது. அதற்கு வேறு வழி செய்து கொடுத்துவிட்டால் பூட்டை அவரே எடுத்துவிடுவார். செய்து கொடுக்காமல் சட்டத்தை மட்டும் சொன்னால், சோதனைக்கு ஆள் வரும் நாளில் பூட்டு மேசைக்குள் போய், மறுநாள் திரும்பி வரும்.

கொடைக்கானலில் கட்டடம் கட்டுகிற விதத்தை முதலில் சொல்ல வேண்டும். சமவெளியில் தரைத்தளம் என்றால் ரோடு மட்டம். இங்கே ஏழு ரோடு சந்திப்பிலிருந்து நாயுடுபுரம் பக்கமோ வட்டக்கானல் பக்கமோ போனால், ரோட்டில் நின்று பார்க்க ஒற்றை மாடியாகத் தெரிகிற விடுதி, சரிவில் இன்னும் மூன்று தளம் கீழே இறங்கியிருக்கும். வரவேற்பறையும் வாசலும் எல்லாவற்றுக்கும் மேலே. பள்ளத்தாக்கு தெரிகிற, வாடகை கூடின அறைகள் அடியில். புகை மேலே ஏறும். அடித்தளத்தில் தூங்குகிறவர் ரோட்டுக்கு வர, அந்தப் புகை ஏறுகிற அதே படிக்கட்டில்தான் தானும் ஏற வேண்டும். ஆகவே சரிவுப் பக்கம் திறக்கிற பின்கதவுதான் இந்த ஊரில் உயிர்வழி. அந்தக் கதவுக்குத்தான் பூட்டும் போடுகிறார்கள், ஏனென்றால் சரிவுப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை, விளக்கில்லை, காடு இருக்கிறது.

பயங்களில் முதலாவது குரங்கு. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், இங்கே தொழில் செய்கிறவர் சிரிக்க மாட்டார். கீழே அழுத்தினால் திறக்கிற நீட்டுக் கைப்பிடியை நாட்டுக்குரங்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். சமையலறைக்குள் ஒரு கூட்டம் புகுந்துவிட்டால் அன்றைய வியாபாரம் போயிற்று. அடுத்தது காட்டுமாடு. ராத்திரி ஊருக்குள் புல் மேய வரும், ஆயிரம் கிலோவுக்கு நெருங்கிய உடம்பு, கதவில் லேசாக உராய்ந்தாலே கொண்டி தெறிக்கும். பிறகு திருடன். பிறகு, வாடகை தராமல் பின்வழியாகப் போய்விடும் ஆட்கள். சீசனில் இது நடக்கத்தான் செய்கிறது. கடைசியாகக் காற்று. மார்கழியில் அந்தக் கதவிடுக்கு வழியாக வருகிற குளிருக்கு விருந்தினர் சண்டைக்கு வருவார்கள், உரிமையாளர் சாக்கைத் திணித்து ஆணி அடித்துவிடுவார்.

இவை ஐந்தும் வெளிப்பக்கத்துப் பயங்கள், வாடகைக்காரன் பயம் ஒன்றைத் தவிர. தீ உள்பக்கத்து விஷயம். ஒரே பலகைக்கு இரண்டு முகம் இருப்பதால் இரண்டையும் தனித்தனியாகச் செய்ய முடிகிறது. என் வேலையின் மொத்த நுணுக்கமும் இதில்தான் இருக்கிறது. கதவின் வெளிமுகம் மொட்டையாக இருக்கட்டும்: கைப்பிடி வேண்டாம், சாவித்துளை வேண்டாம், பிடிக்க ஒரு விளிம்புகூட வேண்டாம். குரங்குக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. உள்முகத்தில் இடுப்புயரத்தில் குறுக்காக ஒரு தள்ளுகம்பி. கடையில் பேனிக் பார் என்று கேட்டால் தருவார்கள். அதன்மேல் கை, முழங்கை, முதுகு எது பட்டாலும் தாழின் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். சாவி தேட வேண்டாம், திருக வேண்டாம், எந்தப் பக்கம் என்று யோசிக்கவும் வேண்டாம்.

வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் உண்டு. கீலின் முட்டு வெளியே வந்துவிடும். விவரம் தெரிந்த திருடன் தாழைத் தொடவே மாட்டான். கீலாணியைத் தட்டி உருவி, கதவைக் கீல் பக்கமாகப் பெயர்த்துவிடுவான். அதற்கு ஆணி கழலாத கீல் போட வேண்டும். கதவின் கீல் ஓரத்தில் இரண்டு இரும்புக் குமிழ் பதித்து, கதவு சாத்தும்போது அவை நிலைக்குள் நுழைந்து நிற்கும்படி செய்ய வேண்டும். தாழ் நாக்கு இருக்கும் இடைவெளிக்கு வெளியே நீளமாக ஒரு தகடு. கத்தியோ இரும்பு ஸ்கேலோ நுழையாது. இத்தனையும் செய்த கதவு, பூட்டு மாட்டிய சாதாரணக் கதவைவிடத் திருடனுக்குக் கடினம். காட்டுமாடு வெளியிலிருந்து உராய்ந்தாலும், வெளிப்பக்கம் திறக்கிற கதவு நிலையின் தாங்கலில் போய் உட்காருமே தவிர உள்ளே விழாது. குளிருக்கு ரப்பர்ப் பட்டை இருக்கிறது. உரிமையாளரிடம் நான் பேசுவது முதலில் இவ்வளவுதான். தீயைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வாடகை தராதவர் விஷயத்துக்கும், அதைவிடப் பெரிய இன்னொரு பயத்துக்கும் விடை ஒன்றே. அது எனக்குப் புரிந்தது ஒரு மாணவியர் விடுதியில்.

இந்த மலையில் நூறாண்டுக்கு மேலாக உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வெளியூரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இங்கே தூங்குகிறார்கள். நான் போன விடுதியின் பின்கதவில் இரண்டு பூட்டு. வார்டன் அம்மா நல்ல மனுஷி. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது வரை மனப்பாடம்.

“அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளை இந்தக் கம்பியத் தள்ளிட்டு வெளிய போயிட்டா? இல்ல, அவளே எவனுக்காவது கதவத் திறந்துவிட்டா? காலையில பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

அவர் பயத்தை யாரும் லேசாக எடுக்க முடியாது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியிலிருந்த இரண்டு சிறுமிகளுக்கு நடந்த கொடுமை தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டே மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கேமரா, காவலாளி, வருகைப் பதிவேடு எல்லாம் கண்டிப்பாயின. ஒவ்வொரு வார்டனும் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். பத்து வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டியில் பற்றிய தீயில் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கச் சொல்வது அந்த அம்மாவுக்கு நான் செய்கிற உதவியாகாது.

“அம்மா, இந்தக் கதவு திறந்தா முதல்ல முழிக்கிறது நீங்கதான்” என்றேன். தள்ளுகம்பியோடு ஒரு அலறல் பெட்டி வைக்கலாம். பேட்டரியில் ஓடும். கம்பியை அமுக்கிய நொடியில் கதவு திறக்கும், கூடவே கட்டடம் முழுக்கக் கேட்கிற சத்தம் வரும். சத்தத்தை நிறுத்தத்தான் சாவி. அந்தச் சாவி வார்டன் இடுப்பில். அதாவது சாவி இருக்கட்டும், திறப்பதற்கு மட்டும் வேண்டாம். வாடகை தராமல் நழுவுகிறவருக்கும் இதே பெட்டி போதும்.

அவர் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். “நான் எந்திரிச்சு ஓடி வர்றதுக்குள்ள அவ எங்க போயிருப்பாளோ?”

நல்ல கேள்வி. கட்டடத்தை விட்டு வெளியேறுவது வேறு, வளாகத்தை விட்டு வெளியேறுவது வேறு. தீயிலிருந்து தப்ப முதலாவது போதும். அந்தக் கதவுக்கு வெளியே கட்டடத்திலிருந்து நல்ல தூரம் தள்ளி ஒரு முற்றம் அமைத்து, அதைச் சுற்றி வேலி போட்டு, வேலி வாசலில் காவலாளியை உட்காரவைத்தால், பூட்டு இருக்க வேண்டிய இடம் அந்த வேலிவாசல். எல்லாப் பிள்ளைகளும் வந்து நிற்கிற அளவு இடம் வேண்டும், அனல் எட்டாத தூரம் வேண்டும். சரிவில் அப்படி இடம் கிடைப்பது கஷ்டம். அந்த விடுதியில் கதவுக்கு வெளியே நாலடி அகலத்துக்கு ஒரு திட்டுதான் இருந்தது, அதற்கப்பால் பள்ளம். அங்கேயிருந்து கட்டடத்தின் பக்கவாட்டில் கைப்பிடிச்சுவரோடு படி கட்டி விளையாட்டுத் திடலில் ஏற்ற வேண்டியதாயிற்று. கதவுக்கு ஆன செலவைவிடப் படிக்கு ஆன செலவு பல மடங்கு. நிர்வாகம் முனகியது. வார்டன் அம்மா போய் உட்கார்ந்து வாங்கி வந்தார். முதல் சில நாள் பிள்ளைகள் வேண்டுமென்றே கம்பியைத் தள்ளி அலறவிட்டார்கள். அதுவும் நல்லதுதான். இருட்டில் அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

உடம்புக்குத் தெரிவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கம்பி பிறந்த கதையே அதுதான். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இரோக்வா நாடக அரங்கில் தீப்பிடித்து 602 பேர் இறந்தார்கள். பல கதவுகள் பூட்டியிருந்தன. பூட்டாத சிலவற்றிலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு புதுவகைத் தாழ் இருந்தது. அதைத் திறக்கும் விதம் கூட்டத்துக்குத் தெரியவில்லை. கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர் அன்று அந்த நாடகத்துக்குப் போக இருந்தவர், வியாபார வேலையால் போகவில்லை. அந்த நினைப்பு அவரை விடவில்லை. ஹென்றி டுபான்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து தள்ளுகம்பித் தாழை உருவாக்கினார். இண்டியானாபோலிஸில் அவர் வேலை பார்த்த வானகட் ஹார்டுவேர் கடை 1908-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. என்னைப் போல ஆணியும் கீலும் விற்ற ஒருவர் செய்தது அது.

அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் ஒருவர் இதே போன்றதைச் செய்துவிட்டார். 1883 ஜூன் 16, சண்டர்லாந்து ஊரின் விக்டோரியா மண்டபம். நிகழ்ச்சி முடிந்ததும் பரிசு தருகிறார்கள் என்று மேல்தளத்துப் பிள்ளைகள் படியிறங்கி ஓடிவந்தார்கள். அடியிலிருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை நுழைகிற சந்து மட்டும் விட்டுத் தாழிட்டிருந்தார்கள், வரிசையாக விடுவதற்காக. 183 பிள்ளைகள் நசுங்கி இறந்தார்கள். தீயே இல்லை. ஒழுங்குக்காகப் போட்ட ஒரு தாழ்தான் காரணம். அதன் பிறகு ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892-ல் தள்ளினால் திறக்கிற தாழுக்குக் காப்புரிமை வாங்கினார்.

நம் கணக்கும் சின்னதல்ல. டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீயில் 1997-ல் 59 பேர். பால்கனியில் கூடுதல் இருக்கை போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் ஒரு பள்ளி, 94 குழந்தைகள். கூரை பற்றியது, இறங்குவதற்குக் குறுகலான படி. 2024 டிசம்பர் 12 இரவு எங்கள் திண்டுக்கல்லிலேயே, திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர், லிஃப்டுக்குள் புகை சூழ்ந்து. ஏர்வாடியை நான் தனியாக நினைப்பதுண்டு. ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில் போட்ட சங்கிலி அது. பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது: வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், குறைந்தது 1000 மில்லிமீட்டர் அகலம், மக்கள் கூடும் அரங்கானால் 2000. கண்ணாடிப் பெட்டிக்குள் சாவி வைத்து ‘அவசரத்துக்கு உடைக்கவும்’ என்று எழுதுவது இதற்குள் வராது. புகையில் அந்தப் பெட்டியை யார் தேடுவார்கள்?

இப்போது விடுதிகளில் காந்தப் பூட்டு வந்துவிட்டது. கதவின் தலையில் ஒரு காந்தம், மின்சாரம் இருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், அட்டை காட்டினால் விடும். தப்பிக்கும் கதவில் இதை மாட்டுவதாக இருந்தால் நான் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. தீ எச்சரிக்கை மணி அடித்தால் தானே விட வேண்டும். மின்சாரம் போனால் விட வேண்டும். கதவருகே ஒரு பொத்தான், அது கணினி வழியாகப் போகாமல் காந்தத்துக்குப் போகிற கம்பியையே நேராக அறுக்க வேண்டும். சமவெளியில் இதோடு வேலை முடியும். இங்கே முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலையெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. சாதாரண மழைநாளிலேயே மன்னவனூர்ப் பக்கம் மின்சாரம் போனால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடும், கதவு காற்றில் அடிக்கும், உரிமையாளர் பயந்துபோய்ச் சங்கிலி வாங்கி வருவார். மழை நின்று மின்சாரம் வந்த பிறகும் சங்கிலி அங்கேயே இருக்கும். அதனால் மலையில் காந்தத்தை நம்பாதீர்கள் என்கிறேன். மின்சாரம் வேண்டாத வெறும் தள்ளுகம்பி, வெளியே மொட்டை முகம். இருட்டிலும் அது தன் வேலையைச் செய்யும்.

செய்யும் என்றால், பார்த்துக்கொண்டால் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதி நிலையைக் கவ்வும். பங்குனி வெயிலில் சுருங்கித் தாழ் நாக்கு பிடிக்காமல் போகும். நான் சுற்றிலும் நாலு மில்லி இடைவெளி விட்டு, ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் விடாமல் வண்ணம் அடிக்கச் சொல்கிறேன்; கண்ணுக்குத் தெரிகிற முகத்துக்கு மட்டும் அடித்தால் அடி வழியாகத் தண்ணீர் குடிக்கும். இரட்டைக் கதவுக்குத் தரையில் குழி வைத்து இறங்குகிற கம்பி இங்கே வேண்டாம். பைன் ஊசி இலையும் மண்ணும் அந்தக் குழியை நிரப்பிவிடும். கம்பி இறங்காது, கதவு பிடிக்காது, மறுபடி பூட்டு வந்துவிடும். தாழ் மேலே மட்டும் இருக்கட்டும். மூடுபனியில் இரும்பு துருவேறுவதற்கு ஒரு பருவம் போதும். கதவுக்கு வெளியே விறகு அடுக்கக் கூடாது, காஸ் சிலிண்டர் வைக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வேலை முடிந்ததும் சோதிக்கிற விதம் ஒன்று வைத்திருக்கிறேன். என் கை பட்டறைக் கை. நான் தள்ளித் திறந்தால் அதற்கு அர்த்தமில்லை. ஐரோப்பியத் தரம் 80 நியூட்டனுக்குள், ஏறக்குறைய எட்டுக் கிலோ எடையின் அழுத்தத்துக்குள் கம்பி இணங்க வேண்டும் என்கிறது. என்னிடம் அதை அளக்கிற கருவி இல்லை. பாத்திரம் துலக்குகிற வயதான அம்மா இருந்தால் கூப்பிடுவேன், இல்லாவிட்டால் காவலாளியின் சின்னப் பிள்ளை. விளக்கை அணைத்துவிட்டு, “தள்ளுத்தா” என்பேன். ஒரே தள்ளில் திறக்காவிட்டால் கூலி வாங்க மாட்டேன்.

இப்போது என் கவலை பெரிய விடுதிகளைப் பற்றியதல்ல. அங்கே தீயணைப்புத் துறையின் சான்று கேட்கிறார்கள், கேள்வி வருகிறது. பூம்பாறையிலும் வில்பட்டியிலும் அட்டுவம்பட்டியிலும் குடியிருந்த வீடுகள் வரிசையாகத் தங்குமிடம் ஆகின்றன. குடும்பம் இருந்தபோது குரங்குக்காகவும் திருடனுக்காகவும் எல்லாச் சன்னலுக்கும் கம்பி அடித்த வீடுகள். ஒரே வாசல். அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் ஹீட்டரும் சமையலும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் விடியாமலே போனது இந்த மலையில் நடந்திருக்கிறது. தீயணைப்பு வண்டி கொடைக்கானலிலிருந்து வளைவு வளைவாக வந்துசேர நேரமாகும். சீசன் நெரிசலில் கேட்கவே வேண்டாம்.

சமீபத்தில் அப்படி ஒரு வீட்டுக்காரர், பூம்பாறைப் பக்கம், பூண்டு விவசாயம் செய்கிற தம்பி. இரண்டு அறையை வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறார். பின்பக்கச் சன்னலின் கம்பிச் சட்டத்தை அறுத்து, கீல் வைத்து, கதவு போல வெளியே திறக்கும்படி செய்யச் சொன்னேன். உள்பக்கம் ஒரு கொக்கி மட்டும். வெளியிலிருந்து கை நுழைந்து கொக்கியை எட்டாதபடி ஒரு சாண் அகலத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடலாம்.

“அண்ணே, சின்னப் பிள்ளைக எட்டித் திறந்துராதா? கொக்கிய மேல வச்சிருவோம். நமக்கு எட்டுற உயரத்துக்கு.”

“தம்பி, நமக்கு எட்டினாப் போதுமா? பெரியவங்க மயங்கிக் கெடந்தா யாரு திறப்பா?”

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சன்னலையே பார்த்தார். பிறகு சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, தன் மகளை வரச்சொல்லி, அவள் கை எட்டுகிற இடத்தில் கோடு போட்டார். கொக்கியை அங்கேதான் வைத்தோம். சன்னலுக்கு வெளியே கீழே குதிக்கிற இடத்தில் கிடந்த பூண்டு மூட்டைகளை அன்று மாலையே வேறு பக்கம் மாற்றிவிட்டார்.